கார் ஸ்டீரியோ மாற்று இணைப்பு

பழைய காரில் கம்பெனி பொருத்திய ஸ்பீக்கர்களை மாற்றாமல், வெளியில் வாங்கிய ஸ்டீரியோவை அவற்றுடன் இணைக்கும் மின்வேலை.

ஒயர் நிறங்கள்: காரின் ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிச்சந்தை ஸ்டீரியோ செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் பேட்டரி லைன்; சிவப்பு சாவி திருப்பினால் உயிர்பெறுவது; கறுப்பு எர்த். ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

பொது எர்த்: பழைய கார்கள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸ் முனைகள் ஒரே ஒயரிலோ பாடியிலோ சேர்ந்திருக்கும். இன்றைய செட்டுகளில் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையுமே ஆம்ப்ளிஃபையர் இயக்குகிறது. மைனஸ் பாடியைத் தொட்டால் அதன் சிப் கருகலாம். எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரட்டை ஒயர் இழுக்க வேண்டும்.

சோதனை: செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயர்களில் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டால், கூம்பு வெளியே தள்ளும்போது பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயரே பிளஸ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழானால் பேஸ் ஒலி மெலியும்.

மின்தடை: செட்டுகள் பொதுவாக 4 ஓம் ஸ்பீக்கருக்கானவை, அதற்குக் குறைந்தால் செட் சூடேறும். எல்லா ஸ்பீக்கர்களையும் செட்டுடன் நேரடியாக இணைக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1983 மாடல்களில் தந்த டெல்கோ-போஸ் அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியிலும் தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு. அதனுடன் செட்டை இணைக்க இடைமாற்றி (அடாப்டர்) தேவை.

பாதுகாப்பு: வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும்.