நாலு வீட்டுக்கு ஒரே சாவி

உங்களுக்கு நாலு ஊரில் நாலு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலிலும் ஒரு வாட்ச்மேன். நாலு பேருக்கும் பெயர் முனுசாமி. ஊரில் போய் இறங்கியதும் முனுசாமியைக் கூப்பிட்டு ரகசிய வார்த்தையைச் சொன்னால் கதவைத் திறந்துவிடுவார். வசதிதான். ஆனால், மூன்றாவது ஊரில் நிற்கிற முனுசாமி வாட்ச்மேனே இல்லை. போகிற வழியில் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு நிற்கிற யாரோ ஓர் ஆசாமி. நீங்கள் பாட்டுக்கு அவர் காதில் ரகசியத்தைச் சொல்லிவிட்டால்?

இண்டர்நெட் அரட்டையில் இது வெறும் கற்பனையாக இருக்கவில்லை. ஒரு பக்கம் கூட வராத குட்டி ஸ்கிரிப்ட் ஒன்று இந்தக் காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட முடியும். எப்படி என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஃபின்லாந்து வரைக்கும்.

1988 ஆகஸ்ட். ஓலு பல்கலைக்கழகம். யார்க்கோ ஓய்க்கரினென் என்ற மாணவருக்கு அங்கே கோடைக்கால வேலை. பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிற கை என்ன செய்யும்? பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் பலபேர் ஒரே நேரத்தில் அரட்டையடிக்க ஒரு புரோகிராம் எழுதியது. அதுதான் ஐ.ஆர்.சி. விரித்துச் சொன்னால், இண்டர்நெட் ரிலே சாட். யாஹூ மெசஞ்சர், ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாவற்றுக்கும் அண்ணன்.

இதன் அமைப்பு எளிமையானது. ஒரு சர்வர் இன்னொன்றோடு கைகோக்கும். அது மற்றொன்றோடு. மரக்கிளை மாதிரி பரவிக்கொண்டே போகும். நீங்கள் ஏதாவது ஒரு கிளையில் உட்கார்ந்தால் போதும், மொத்த மரத்தோடும் பேசலாம். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் கோர்பசேவைக் கவிழ்க்கப் பார்த்தார்களே, அப்போது அங்கிருந்து செய்திகள் இந்த வழியாகத்தான் உலகம் முழுக்க ஓடின.

சரி, கிளை முறிந்தால்?

அங்கேதான் வில்லங்கம். இரண்டு சர்வர்களுக்கு நடுவே லைன் அறுந்தால் மரம் இரண்டு துண்டாகும். இதற்கு நெட்ஸ்ப்ளிட் என்று பெயர். ஒரே அரட்டை அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கத்தில் அறை காலியாக இருந்தால், முதலில் நுழைகிறவருக்கு அங்கே அதிகாரி பட்டம். லைன் திரும்ப ஒட்டியதும் அவர் அதே பட்டத்தோடு உள்ளே வந்து, பழைய அதிகாரிகளையெல்லாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம். தள்ளினார்கள். இதற்காகவே லைன் எப்போது அறுந்துவிழும் என்று காத்துக்கிடந்தவர்கள் உண்டு.

தற்காப்புக்கு என்ன வழி? தூங்காத காவலாளி வேண்டும். மனிதனால் ஆகாது, புரோகிராமால் ஆகும். 1993 டிசம்பரில் ராபி பாயிண்டர் என்பவர் எக்டிராப் என்ற பாட்டை எழுதினார். பாட் என்றால் ரோபாட்டின் சுருக்கம். இருபத்து நாலு மணிநேரமும் அறையில் உட்கார்ந்து அதிகாரத்தைக் கட்டிக்காப்பது அதன் உத்தியோகம். ஸ்கிரிப்ட் எழுதும் கலாசாரம் வளர்ந்தது இந்தப் பயத்தில்தான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் குடும்பச் சண்டை.

1990 ஆகஸ்டில் முதல் பிளவு. பெர்க்லியில் எரிஸ் என்றொரு சர்வர். யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் வந்து இணையலாம் என்று கதவைத் திறந்து போட்டிருந்தது. கிரேக்கப் புராணத்தில் எரிஸ் கலகத்தின் தேவதை. பெயர்ப் பொருத்தம் பிரமாதம், இல்லையா? எரிஸ் வேண்டாம் என்றவர்கள் பிரிந்துபோய் வைத்த பெயர், எரிஸ் ஃப்ரீ நெட்வொர்க். சுருக்கமாக எஃப்நெட். பிறகு 1992ல் அண்டர்நெட். 1994ல் டால்நெட். 1996 ஜூலையில் பெரும் பிளவு. எஃப்நெட்டிலிருந்து பெரும்பாலும் ஐரோப்பிய சர்வர்கள் கழன்றுகொண்டு ஐ.ஆர்.சி.நெட் ஆயின. சண்டைக்கு ஒரு காரணம், மேலே சொன்ன அதே நெட்ஸ்ப்ளிட் வைத்தியம். ‘எது பழசு என்று நேரத்தைப் பதிந்துவைத்துத் தீர்ப்பு சொல்லுவோம்’ என்றது ஒரு கட்சி. ‘லைன் அறுந்தால் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் யாருக்கும் தராமல் பூட்டிவைப்போம்’ என்றது இன்னொரு கட்சி. விட்டுக்கொடுக்க ஆள் இல்லை.

ஆச்சா? ஒரே ஊராக இருந்தது பல ஊராகிவிட்டது. நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில். நமக்கு எல்லா ஊரிலும் இருக்கவேண்டும்.

லண்டன்வாசியான காலித் மர்தம்-பே 1995ல் விண்டோஸுக்காக வெளியிட்ட எம்ஐஆர்சி அப்போது ரொம்பப் பிரபலம். அதற்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுத ஒரு குட்டி மொழி உண்டு. பள்ளிக்கூடப் பையன்கள்கூட எழுதிப் பழகினார்கள். ஆனால் ஒரு ஜன்னலில் ஒரு சர்வர்தான். இரண்டாவது ஊர் வேண்டுமென்றால் புரோகிராமை இன்னொரு முறை திறக்கவேண்டும். 2002ல் வந்த ஆறாவது பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. ஒரே ஜன்னலில் எத்தனை நெட்வொர்க் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

ஏனென்றால் ஏழு வருடமாக எழுதிக் குவித்த ஸ்கிரிப்ட்கள் அனைத்தும் ‘உலகம் ஒன்றே’ என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஒரு ஸ்கிரிப்ட் ‘கடைசியாகப் பேசியவர் பெயர்’ என்று ஒரு மாறியில் குறித்துவைக்கும். அந்த மாறி எல்லா நெட்வொர்க்குக்கும் பொது. நாலு கிளை அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே கேஷ் புக் போட்ட மாதிரி. திருச்சி வரவு மதுரைப் பற்றில் ஏறும். ஆடிட்டர் தலையில் கைவைத்துக்கொள்வார். இங்கே டால்நெட் நண்பருக்கு எழுதிய பதில், அண்டர்நெட்டில் அதே பெயரில் இருக்கும் அந்நியருக்குப் போகும்.

இதைவிட மோசம், நம் முனுசாமி விவகாரம். டால்நெட்டில் நிக்சர்வ் என்றொரு சேவை. உங்கள் பட்டப்பெயரைப் பதிந்துவைத்து, பாஸ்வேர்ட் சொன்னால் அது உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும். தினமும் யார் டைப் அடிப்பது? ‘சர்வரில் இணைந்தவுடன் நிக்சர்வுக்குப் பாஸ்வேர்டை அனுப்பு’ என்று ஒரு வரி ஸ்கிரிப்ட். எந்த சர்வர் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஒரே ஊர் இருந்தவரைக்கும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நாலு ஊர் ஆனதும், நாலிலும் போய் அது ஒப்பிக்கும். நிக்சர்வ் சேவையே இல்லாத நெட்வொர்க்கில், அந்தப் பெயருக்குத் தடை போட்டிருக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் அதைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பாஸ்வேர்ட் தானாக மடியில் வந்து விழும்.

டால்நெட்காரர்கள் உஷார். வெறும் ‘நிக்சர்வ்’ என்று அனுப்பினால் வாங்கமாட்டோம், சேவை நடக்கும் சர்வரின் முழு முகவரியோடு அனுப்பு என்று விதி போட்டார்கள். முனுசாமி என்று மட்டும் கூப்பிடாதே, இன்ன தெரு இன்ன வீட்டு முனுசாமி என்று கூப்பிடு.

ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் கோளாறைக் கண்டுபிடித்த விதமும் நம் வீட்டு எலக்ட்ரீஷியன் பாணிதான். எல்லா ஸ்கிரிப்டையும் கழற்று. ஒரு நெட்வொர்க்கில் மட்டும் இணை. ஒழுங்காக ஓடுகிறதா? இரண்டாவதைச் சேர். இப்போது உளறுகிறதா? ஆக, ஸ்கிரிப்ட் தப்பில்லை, அது நிற்கிற இடம் எது என்று அதற்குத் தெரியவில்லை. எம்ஐஆர்சி ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. பொது மாறியின் பெயரோடு அந்த எண்ணை ஒட்டிவிட்டால் கிளைக்கொரு கேஷ் புக் ஆயிற்று. பாஸ்வேர்ட் விஷயத்தில் இன்னும் ஒரு நுணுக்கம். சர்வர் பெயரைச் சரிபார்த்தால் போதாது. ஒரே நெட்வொர்க்கில் பல சர்வர்கள், இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாட்டும். நெட்வொர்க்கின் பெயரைக் கேட்கவேண்டும். இணையும்போது பெரும்பாலான சர்வர்கள் அதைத் தாங்களே அறிவிக்கும். ‘டால்நெட் என்றால் மட்டும் வாயைத் திற’ என்று ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை. அவ்வளவுதான்.

முடிந்ததா என்றால், இல்லை. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்கில் பூகம்பம். கட்டற்ற மென்பொருள்காரர்களின் தலைநகரம் அது. நிர்வாகம் கைமாறிய தகராறில் தன்னார்வலர்கள் கூண்டோடு ராஜினாமா செய்து லிபரா சாட் என்று புது ஊர் கட்டினார்கள். பல அறைகள் மூட்டை கட்டின. அடுத்த மாதமே ஃப்ரீநோட் தன் பழைய பதிவேட்டை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பழைய கணக்குகள் போச்சு. ஸ்கிரிப்ட்கள் மட்டும் பழைய முகவரியில் போய்ப் பழைய பாஸ்வேர்டை ஒப்பித்துக்கொண்டிருந்தன. இந்த முறை நெட்வொர்க்கின் பெயரைக் கேட்டிருந்தாலும் பயனில்லை. வாசலில் அதே பெயர்ப்பலகை. உள்ளே ஆள் வேறு.

இன்றைக்கு நம் கையில் இருக்கும் போன், பத்து இடங்களில் நம் சார்பாகத் தானே கதவைத் தட்டித் தானே சாவியை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வாங்கிக்கொள்கிற முனுசாமி யார்? எப்போதாவது ஒருநாள் உட்கார்ந்து பட்டியல் எடுத்துப் பாருங்கள். அதுவரைக்கும், நாலு வீட்டுக்கும் ஒரே சாவி போடாதீர்கள்.