பணியிடத்தில் வெறுங்கால்: இந்தியாவின் காலணிச் சிக்கல் குறித்த வரலாறு

வேலை செய்யும் இடத்தில் செருப்பில்லாமல் இருக்கலாமா என்பது இன்று சிறிய கேள்வியாகத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் அது தலைமை ஆளுநரின் ஆலோசனைச் சபை வரை சென்ற கேள்வியாக இருந்தது. அன்றைய கேள்வி இன்றையதற்கு நேர் எதிரானது. அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செருப்பு அணிந்து வரலாமா என்றுதான் அன்று கேட்டார்கள். வெறுங்காலே விதியாக இருந்தது. காலணி விலக்காக இருந்தது. அந்த விதி எப்படி வந்தது, யார் அதை எதிர்த்தார்கள், இன்று எந்த வடிவில் எஞ்சியிருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரியாதையின் இரு வழக்கங்கள்

இந்திய வீடுகளிலும் கோயில்களிலும் அரசவைகளிலும் காலணியை வாசலில் விடுவது பழைய வழக்கம். தரையில் பாயோ விரிப்போ இட்டு உட்காரும் இடத்தில் தெருப் புழுதி படக்கூடாது என்பது இதன் எளிய காரணம். பெரியவர் முன் பணிவைக் காட்டுவதும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஐரோப்பியரின் வழக்கம் வேறு. அவர்கள் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்கள், காலணியைக் கழற்றவில்லை. நாற்காலியும் மேசையும் உள்ள அறையில் காலணியோடு இருப்பதே அவர்களுக்கு ஒழுங்கு. சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பதை இங்கு நினைவுகொள்ளலாம்.

இரண்டு வழக்கங்களில் எதுவும் உயர்ந்ததன்று, தாழ்ந்ததுமன்று. கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை ஆளத் தொடங்கியபின் இரண்டையும் கலந்து ஒரு புதிய விதி உருவானதில்தான் சிக்கல் பிறந்தது. கம்பெனி அலுவலகத்தில் வெள்ளைக்கார அதிகாரி தம் நாட்டு வழக்கப்படி பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவர் முன் வரும் இந்தியர், தம் நாட்டு வழக்கப்படி செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் விரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவே முறை. தூய்மைக்காகவும் பணிவுக்காகவும் இருந்த வழக்கம் இவ்வாறு ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிரித்துக் காட்டும் அடையாளமாயிற்று. டவாலி அணிந்த சேவகர்கள் வெறுங்காலோடு நிற்பதைப் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

1854ஆம் ஆண்டு ஆணையும் 1868ஆம் ஆண்டுத் தீர்மானமும்

ஆங்கிலக் கல்வி கற்ற இந்தியர் அரசுப் பணிகளில் சேர்ந்தபோது அவர்களில் பலர் ஐரோப்பியப் பாணிக் காலணியும் காலுறையும் அணியத் தொடங்கினர். கயிறு கட்டிய அந்தக் காலணியை வாசல்தோறும் கழற்றி மாட்டுவது எளிதன்று. மேலும், ஆங்கில உடை அணிந்தவர் ஆங்கில மரியாதையைப் பின்பற்றினால் போதாதா என்ற கேள்வியும் எழுந்தது.

டல்ஹவுசி தலைமை ஆளுநராக இருந்த 1854ஆம் ஆண்டில், ஐரோப்பியப் பாணிக் காலணி அணியும் இந்தியர்கள் அரசு சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு அதே காலணியோடு வரலாம் என அனுமதிக்கப்பட்டது. ஜான் லாரன்ஸ் காலத்தில், 1868இல், அரசு இதைப் பற்றி மீண்டும் ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி ஐரோப்பியப் பாணிக் காலணி அணிந்தவர்கள் தர்பார்களில் அதைக் கழற்ற வேண்டியதில்லை. நாட்டுச் செருப்பு அணிந்தவர்களுக்குப் பழைய முறையே தொடர்ந்தது.

இது சலுகை போலத் தோன்றினாலும் இதற்குள் ஒரு முரண்பாடு இருந்தது. ஒரே தோல், ஒரே தெருப் புழுதி. ஆனால் ஆங்கிலேயர் பாணியில் தைத்தால் உள்ளே வரலாம், உள்ளூர்ச் செருப்புத் தைப்பவர் தைத்தால் வாசலில் விட வேண்டும். காலணியின் தூய்மை இங்கே பொருட்டாகவில்லை. அணிந்தவர் எந்த அளவுக்கு ஆள்வோரைப் போல ஆகியிருக்கிறார் என்பதே அளவுகோலாயிற்று.

சூரத் நீதிமன்றம், 1862

இந்த முரண்பாட்டை நீதிமன்றத்துக்குள்ளேயே எழுப்பியவர்களில் ஒருவர் சூரத்தைச் சேர்ந்த மானக்ஜி கவாஸ்ஜி எண்டீ என்ற பார்சி. 1862இல் அவர் அங்குள்ள நீதிமன்றத்தில் அசெஸர் என்னும் பணிக்கு அழைக்கப்பட்டார். நீதிபதிக்கு உதவியாக அமர்ந்து வழக்கைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் பணி அது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று கூறப்பட்டபோது அவர் மறுத்தார். செய்தி பம்பாய் மாகாணமெங்கும் பரவிப் பொது விவாதமாகியது.

அவர் குற்றவாளியாகவோ மனுதாரராகவோ அங்கே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசே அழைத்த பணியைச் செய்ய வந்தவர் அவர். தன் அறிவை நம்பி அழைத்த நீதிமன்றம் தன் காலை நம்பாதது ஏன் என்பதே அவர் மறுப்பில் அடங்கியிருந்த கேள்வி.

வித்யாசாகரும் நாட்டுச் செருப்பும், 1874

ஈசுவர சந்திர வித்யாசாகர் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்துக்கு முன்நின்று உழைத்தவர். வேட்டியும் மேல்துண்டும் நாட்டுச் செருப்புமே அவருடைய உடை.

1874ஆம் ஆண்டு சனவரியில் அவர் நண்பர்களோடு ஆசியச் சங்கத்தின் நூலகத்துக்குச் சென்றார். அப்போது நூலகமும் அருங்காட்சியகமும் பார்க் தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஆங்கிலப் பாணிக் காலணி அணிந்த நண்பர் தடையின்றி உள்ளே போனார். வித்யாசாகரைக் காவலர் நிறுத்தினார். செருப்பை வெளியே விட வேண்டும், அல்லது கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்றார். வித்யாசாகர் வாதாடாமல் திரும்பிவிட்டார். பிறகு அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரே நிலையில் உள்ள இருவரில், ஆங்கிலக் காலணி அணிந்தவரை விட்டுவிட்டு நாட்டுச் செருப்பு அணிந்தவரை மட்டும் தடுப்பதற்கு என்ன காரணம் என்பதே அவர் கேட்டதன் சாரம். அவருக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. நாளிதழ்கள் இதைப் பெரிதாக எழுதின.

செருப்பைக் கழற்றுவதை வித்யாசாகர் இழிவாக எண்ணவில்லை. ஓர் இந்தியர் வீட்டில் அவரும் அதைச் செய்திருப்பார். எல்லோருக்கும் பொதுவாக இல்லாத விதியைத்தான் அவர் ஏற்க மறுத்தார்.

ஐதராபாத்தும் மாண்டலேயும்

இந்தியரிடம் காலணியைக் கழற்றச் சொன்ன அதே அரசு, இந்திய மன்னர்களின் அவையில் தன் அதிகாரிகள் கழற்றுவதை விரும்பவில்லை. ஐதராபாத்தில் நிஜாமின் தர்பாருக்குச் செல்லும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் காலணியைக் கழற்றித் தரையில் அமர்வதே நீண்ட கால வழக்கம். 1869இல் சிறுவனான மகபூப் அலி கான் நிஜாம் ஆனபோது, ரெசிடெண்ட் காலணியோடு நாற்காலியில் அமரும் முறை கொண்டுவரப்பட்டது.

பர்மாவிலும் இதே பிரச்சினை எழுந்தது. மாண்டலேயில் மின்டோன் மன்னரைக் காணச் செல்லும் பிரிட்டிஷ் தூதர்கள் அதுவரை காலணியைக் கழற்றித் தரையில் அமர்ந்து பேசி வந்தனர். 1875இல் டக்ளஸ் ஃபோர்சைத் தூது சென்று வந்தபின், இனி அவ்வாறு செய்வதில்லை என இந்திய அரசு முடிவெடுத்தது. மன்னரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் மன்னரைத் தூதர் நேரில் சந்திக்கும் வாய்ப்பு அற்றுப்போனது. 1885ஆம் ஆண்டுப் போருக்குக் காலணி காரணமன்று. மர வணிகமும் பிரெஞ்சுச் செல்வாக்கைப் பற்றிய அச்சமும் பெரிய காரணங்கள். ஆயினும் நேரில் பேசித் தீர்க்கும் வழியை அடைத்தவற்றுள் காலணிச் சிக்கலும் ஒன்று.

ஊருக்குள் இருந்த தடை

இந்த வரலாற்றை ஆங்கிலேயர் செய்த அவமதிப்பாக மட்டும் எழுதினால் அது பாதி உண்மையே ஆகும். நம் ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினரின் தெருவில் செருப்பணிந்து நடக்கத் தடை இருந்தது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டதை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே. எச். ஹட்டன் பதிவு செய்துள்ளார். ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. வெயிலில் வயலுக்குப் போய்வரும் உழைப்பாளிக்கு இட்ட தடை அது.

அந்தச் செருப்புகளைத் தைத்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. பிறர் காலுக்குத் தைத்தவர் தம் காலில் அணிய முடியவில்லை. இந்தக் கொடுமை பழங்கதையாகிவிடவில்லை என்பதற்குச் சட்டமே சான்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைக் குற்றமாக வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

உடல்நலமும் தொழிலும்

மரியாதையைத் தவிர, வெறுங்காலுக்கு உடல்நலம் சார்ந்த பக்கமும் உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோல் வழியாக உடலுக்குள் நுழையும் என்பதை ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் கெய்ரோவில் 1898ஆம் ஆண்டையொட்டிக் கண்டார். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு இந்தப் புழுவால் இரத்தச்சோகை உண்டாகும். தமிழகத்திலிருந்து சென்றவர்கள் உழைத்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்நோய் பரவலாக இருந்தது. 1916 முதல் ராக்ஃபெல்லர் நிதியம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை மேற்கொண்டது.

எனினும் எல்லா வேலைக்கும் காலணி பொருந்தாது. சேற்று வயலில் நாற்று நடுபவருக்கும், குழித்தறியில் மிதிப்பலகையை அழுத்தும் நெசவாளருக்கும், மேடையில் சதங்கை கட்டி ஆடுபவருக்கும் காலே கருவி. அங்கே வெறுங்கால் தொழிலின் தேவை. கழிவுநீர்த் தொட்டியிலும் இரசாயனப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் வெறுங்கால் ஆபத்து. அத்தகைய இடங்களில் உரிய காலணி தருவது வேலை தருபவரின் கடமை.

கோயில் பணி இரண்டுக்கும் இடைப்பட்டது. வழிபட வருபவர் சிறிது நேரம் வெறுங்காலோடு நிற்பார். காவலரும் துப்புரவுப் பணியாளரும் நாள் முழுவதும் கல்தரையில் நிற்க வேண்டும். தோல், ரப்பர்ச் செருப்புகளுக்கு அனுமதியில்லாத காசி விசுவநாதர் கோயில் வளாகத்தில் குளிரில் வெறுங்காலோடு பணிபுரிந்தவர்களுக்கு, 2022 சனவரியில் பிரதமர் 100 இணை சணல் காலணிகளை அனுப்பினார். கோயில் மரபும் குலையவில்லை, பணியாளர் காலும் காக்கப்பட்டது. மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு இது சான்று.

முடிவுரை

பணியிடத்தில் வெறுங்கால் ஏற்கத்தக்கதா? இந்த வரலாற்றிலிருந்து இரண்டு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, அதனால் உழைப்பவரின் உடலுக்குத் தீங்கு உண்டா? இரண்டு, விதி இட்டவருக்கும் அதே விதி உண்டா?

இரண்டாவது அளவுகோலை இக்கட்டுரையாளர் கற்றது நூலில் அன்று, பள்ளியில். கணினிகள் வந்த புதிதில், புழுதி படக்கூடாதென்று மாணவர்கள் கணினி அறை வாசலில் செருப்பை வரிசையாக விட்டு உள்ளே போவார்கள். ஆசிரியர்கள் காலணியோடு போவோம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், உங்க செருப்புல மண்ணு ஒட்டாதா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் இல்லை. மறுநாள் முதல் ஆசிரியர் செருப்பும் அந்த வரிசையில் சேர்ந்தது.

வித்யாசாகர் 1874இல் கடிதத்தில் கேட்டதும் இதே கேள்விதான். எல்லோரும் கழற்றும் இடத்தில் கழற்றுவது மரியாதை. சிலர் மட்டும் கழற்ற வேண்டிய இடத்தில் அது அவமதிப்பு.