‘என்ஜாய் எஞ்சாமி’: கேமரன் மலை வகுப்பறைக்கு ஒரு வரலாற்றுப் பாடம்

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையில் படுத்துக் கிடக்கிற பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். 2021 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்த இந்தப் பாட்டு சினிமாப் பாட்டு இல்லை, தனிப்பாட்டு. தீயும் அறிவும் பாடினார்கள். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். மாணவர்கள் ஆடத் தெரிந்து வைத்திருக்கும் இந்தப் பாட்டுக்குள் தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்று இருக்கிறது. அது நம் மலைக்கும் நெருங்கிய கதை.

அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பாட்டின் வேர் அந்த அனுபவம்தான். தாலாட்டும் ஒப்பாரியும் அதில் கலந்திருக்கின்றன. ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’. நிலமில்லாத கூலிகள் நிலக்காரரைக் கூப்பிட்ட சொல் அது. அதே சொல்லால் பாட்டி பேரனையும் கொஞ்சுவாள். பணிவும் பாசமும் ஒரே வார்த்தைக்குள் எப்படி வந்தன? பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் இலங்கைக் கதையைச் சொல்லுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவ ஆரம்பித்தது. காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்கள் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மனுசங்களை இப்படியா கூறு போடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். 1885இல் வில்லியம் கேமரன் இந்தப் பகுதியை அளந்தார். மலைக்கே அவர் பெயர் வந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற மில்ன், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். தொழில் தெரிந்த துரை இலங்கையிலிருந்து வந்தார்; மலைச்சரிவில் பாடுபட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தன. துரை, கங்காணி, கிராணி, பெரட்டு, லயம் எல்லாம் இங்கேயும் உண்டு.

குடியுரிமைக் கதையும் ஓரளவு ஒத்துப்போகிறது. 1957க்குப் பிறகும் நம்மில் பலர் குடியுரிமை பெறாமலே இருந்தார்கள். 1969 முதல் அப்படிப்பட்டவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்த பலர் கப்பலேறித் திரும்பினார்கள். இரண்டு நாட்டுக் கதையும் ஒன்றேதான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே இருந்த குடியுரிமையைச் சட்டம் போட்டு மொத்தமாகப் பறிக்கவில்லை. விண்ணப்பிக்காமலோ கிடைக்காமலோ பலர் விடுபட்டுப் போனார்கள். அந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

பாட்டுக்குப் பின்னால் நடந்ததையும் மறைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் இந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. சில நாட்களில் அவர் தன் உழைப்பைச் சொல்லி அறிக்கை விட்டார். மற்ற இருவரும் இது கூட்டுப் படைப்பு என்று விளக்கம் கொடுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாம் வகுப்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள்: பேர் இல்லாமல் உழைத்தவர்களைப் பற்றிய பாட்டுக்கே ‘யார் பேர் எங்கே?’ என்ற சண்டை வந்தது. தோட்ட வரலாற்றின் மையக் கேள்வியும் அதுதானே? அளந்தவர் பெயர் மலைக்கு இருக்கிறது. தோட்டம் போட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கொழுந்து பறித்தவர் பெயர்?

அதற்குப் பதில் எழுத நம் மாணவர்களால் முடியும். வீட்டிலோ பக்கத்திலோ உள்ள மூத்தவரிடம் நான்கு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். நம்ம முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தாங்க? எப்படி வந்தாங்க? எந்தத் தோட்டத்துல என்ன வேலை? வேலை செய்யும்போதும் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும் என்ன பாடினாங்க? கிடைத்ததை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதட்டும்; இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை மேலே எழுதுங்கள்.

இன்று இந்தச் சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரிலும் தாலாட்டு இருக்கும். ‘அவங்க பேரை யாரு எழுதுவா?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், உங்கள் பாடம் நன்றாகவே நடந்திருக்கிறது.