வகுப்பறைக்குள் நுழைந்த ரெட்ரோ பௌல்

அமெரிக்கப் பள்ளிகளில் பாடம் நடக்கும்போதே சத்தமில்லாமல் ஓடும் ஆட்டம் ஒன்று உண்டு. பெயர் ரெட்ரோ பௌல். வந்தது 2020-ல். பார்த்தால் 1980-களில் செய்தது மாதிரி இருக்கும்! புது ஆட்டத்துக்கு எதற்குக் கிழவன் வேஷம்?

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. டெக்மோ நிறுவனம் 1987-ல் ஆர்கேட் மெஷினுக்கு 'டெக்மோ பௌல்' என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கேமைக் கொண்டுவந்தது. (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்களே, அது.) 1989-ல் வீட்டு டிவியில் மாட்டும் நின்டெண்டோவுக்கும் வந்தது. நிஜ ஆட்டத்தில் அணிக்கு 11 பேர், இதில் 9 பேர்தான். வியூகங்கள் நாலே நாலு. எதிராளி எதை எடுப்பான் என்று சரியாக ஊகித்துவிட்டால் அவன் காலி. வீரர்கள் சங்கம் அனுமதி கொடுத்தது, என்.எஃப்.எல். லீக்கின் லைசென்ஸ் இல்லை. அதனால் வீரர்கள் பெயர் நிஜம், அணிகளுக்கு வெறும் ஊர்ப் பெயர்!

இந்த எளிமையைத்தான் முப்பது வருஷம் கழித்து சைமன் ரீட் என்ற இங்கிலாந்துக்காரர் கையில் எடுத்தார். அவருடைய ரெட்ரோ பௌலிலும் ஊர்ப் பெயர்தான். எதிரணியின் முறையை நாம் ஆடவே வேண்டாம், விரலால் இழுத்து விட்டால் பந்து பறக்கும். 2021 கடைசியில் ஆப் ஸ்டோரில் முதலிடம் வரை போனது.

சரி, வகுப்புக்குள் எப்படி வந்தது? குரோம்புக் வழியாக. 2011-ல் விற்பனைக்கு வந்த இந்த மலிவு லேப்டாப்பை, கொரோனா சமயத்தில் ஏராளமான பள்ளிகள் மாணவர் கையிலேயே கொடுத்துவிட்டன. பள்ளி நினைத்தால் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவிடாமல் பூட்டலாம். பிரவுசரைப் பூட்டினால் பாடமே நடக்காது. பெரிய கிராஃபிக்ஸ் கேம் அதில் திணறும், இந்தப் புள்ளி மனிதர்கள் ஜாலியாக ஓடுவார்கள். கிழவன் வேஷம் உதவியது இங்கேதான்.

அரசின் இன்டர்நெட் சலுகை வாங்கும் பள்ளிகள் ஃபில்டர் போட்டாக வேண்டும் என்று 2000-லேயே சட்டம் உண்டு. அது ஆபாசப் படங்களைத் தடுக்க வந்தது. கேமைத் தடுப்பது பள்ளிகள் தாமாகச் சேர்த்துக்கொண்டது. பசங்க சும்மா இருப்பார்களா? கூகுள் சைட்ஸில் யாரோ ஏற்றிவைத்த காப்பிகளைத் தேடிப் போனார்கள். டீச்சரும் பாடக் குறிப்பை அதே கூகுள் சைட்ஸில்தான் வைத்திருப்பார். மொத்தமாகத் தடுத்தால் அதுவும் போச்சு!

காமர்ஸ் படிக்கிறவன் புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லேப்டாப் பெரும்பாலும் வரிப்பணம். வீணாவது டீச்சரின் நேரமும் பையனின் படிப்பும். உழைப்பு ரீட்டுடையது. ஆட்டத்தைச் சுற்றி விளம்பரம் ஒட்டிக் காசு பார்ப்பதோ காப்பியடித்தவன்! 'பசங்க விளையாட்டுதானே' என்று இதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

2024 செப்டம்பரில் லீக்கின் லைசென்ஸோடு, நிஜ அணிப் பெயர்களோடு 'என்.எஃப்.எல். ரெட்ரோ பௌல் 25' வந்தது. ஆனால் அது ஆப்பிள் சந்தாதாரர்களுக்கு மட்டும். குரோம்புக் பசங்களுக்கு இன்னமும் ஊர்ப் பெயர்தான்.