தண்ணீர் எங்கிருந்து வருகிறது?



போன வசந்தகாலத்தில் வேலையிட நண்பர்கள் நான்கு பேரோடு ஒரு வாரம் லான்சரோட்டே தீவுக்குப் போயிருந்தேன். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கடலில் இருக்கும் கனாரித் தீவுகளில் அதுவும் ஒன்று. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானது. அங்கே லா சாந்தா என்ற மீனவர் ஊருக்கு அருகில் ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது. காலையில் சைக்கிள், மத்தியானம் நீச்சல், பின்னேரம் ஓட்டம். 50 மீட்டர் நீச்சல் தடாகம், ஓட்டத் தடம் எல்லாம் உண்டு. டென்மார்க்கில் வளர்ந்த உங்களில் பலருக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும்.

முதல் நாள் இரவு அப்பாவுக்கு ஒளிப்பட அழைப்பில் எல்லாவற்றையும் காட்டினேன். கறுப்பு மலை, வெள்ளை வீடுகள், நீலத் தடாகம். ஒரு மரம்கூட இல்லை. அப்பா யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, உங்க தண்ணி எங்கயிருந்து வருது?"

நான் பொறியியல் படித்தவன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

லான்சரோட்டேயில் ஆறு கிடையாது. தீவின் பெரும்பகுதியில் வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் அளவுதான் மழை. யாழ்ப்பாணத்திலும் வற்றாத ஆறு இல்லை, ஆனால் அங்கே 1000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். இங்கே கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்து, அதையே வருடம் முழுவதும் குடித்தார்கள். மழை பொய்த்த வருடங்களில் சனம் தீவை விட்டுப் போனது.

1730ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி இரவு நிலம் பிளந்தது. யாய்சா ஊரின் பங்குத்தந்தை அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ நடந்தவற்றைக் குறித்து வைத்தார். எரிமலைகள் 1736 வரை, ஆறு வருடங்கள், விட்டுவிட்டுக் கக்கின. திமான்பாயா உட்படப் பல ஊர்கள் குழம்புக்குக் கீழே போயின. நல்ல விளைநிலமும் அதோடு போயிற்று. குர்பெலோவும் தன் மக்களோடு பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவுக்குத் தப்பிப் போனார்.

திரும்பி வந்தவர்களும் தங்கி நின்றவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். கறுப்புச் சாம்பல் மூடிய மண் சீக்கிரம் காயவில்லை. சாம்பல் இரவு ஈரத்தைப் பிடித்து வைத்தது, பகல் வெயில் அதை உறிஞ்சாமல் தடுத்தது. லா ஹேரியா என்ற பள்ளத்தாக்கில் சாம்பலைத் தோண்டிக் குழி செய்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு முந்திரிகைக் கொடி நட்டு, காற்றுக்கு எதிராக அரைவட்டக் கல்மதில் கட்டினார்கள். இன்றும் அந்தக் குழிகளுக்கு நடுவேதான் சைக்கிள் வீதி போகிறது. எதிர்க்காற்றில் மிதித்துக் களைத்தபோது, அந்த மதில்கள் ஏன் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

இந்தத் தீவாரும் புலம்பெயர்ந்தவர்கள்தான். எரிமலை வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், ஸ்பானிய அரசர் அனுப்பிய சுமார் 55 கனாரியர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் லான்சரோட்டேக்காரர். 1731இல் இன்றைய டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் முதல் குடிமக்கள் நகராட்சியை அமைத்தவர்கள் அவர்கள்தான். 1940களின் கடைசியிலும் 1950களிலும் கனாரித் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெனிசுவேலாவுக்குப் போனார்கள். சிலர் அனுமதி இல்லாமல், சிறு பாய்மரப் படகுகளில் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

அப்படிப்பட்ட தீவுக்கு எங்களைப் போன்றவர்கள் விடுமுறைக்கு வர முடிந்தது எப்படி? பதில் அப்பாவின் கேள்வியில்தான் இருந்தது. 1960களின் நடுப்பகுதியில், மனுவேல் தியாஸ் ரிஹோ என்ற கப்பல் பொறியியலாளர் முன்னின்று அங்கே ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையை அமைத்தார். கடல்நீரைச் சூடாக்கி ஆவியாக்கி நன்னீர் எடுத்தார்கள், அதோடு மின்சாரமும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் விடுதிகள் பெருகின.

இடையில் டென்மார்க்கில் இன்னொரு பங்குத்தந்தை. மேற்கு யூலாந்தில் தியேரபோர் என்ற கிராமத்தின் எய்லிஃப் குரோகேயர், 1950இல் ஊராரைப் பேருந்தில் ஸ்பெயினுக்குக் கூட்டிப் போனார். அது வளர்ந்து பெரிய பயண நிறுவனமானது. அந்த நிறுவனம்தான் 1983இல் லா சாந்தாவை விளையாட்டு விடுதியாகத் திறந்தது. 1992இல் தீவின் முதல் அயன்மேன் போட்டி நடந்தது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு ஒரு முழு மரதன். சைக்கிள் பாதை திமான்பாயாவின் எரிகுழம்பு நிலத்துக்கு ஊடாகவே போகிறது. ஒரு பங்குத்தந்தை சனத்தோடு தப்பி ஓடிய இடத்துக்கு, இன்னொரு பங்குத்தந்தை தொடக்கிய நிறுவனம் சனத்தைக் கூட்டி வந்திருக்கிறது.

இப்போது கடல்நீரைச் சவ்வுகளுக்கு ஊடாக அழுத்தி வடிகட்டுகிறார்கள். ஒரு கனமீட்டர் நன்னீருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் எண்ணெய் எரித்துத்தான் வருகிறது. இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்ப அவையளும் எண்ணெயிலதான் தண்ணி இறைக்கினம். எங்கட தோட்டத்து மிசினும் மண்ணெண்ணெயிலதானே ஓடினது!"

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசி நாள் கரையோர வீதியில் போகும்போது, பாறைகளுக்கிடையே ஒரு சிறு மரப்படகு கவிழ்ந்து கிடந்தது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அப்படிப்பட்ட படகுகளில் சனம் அந்தத் தீவுக்கு வந்து சேர்கிறது. எல்லாரும் வந்து சேர்வதும் இல்லை. அந்தப் படகில் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு நல்ல வேகம் இருந்தது, பின்காற்று வேறு. நாங்கள் ஐந்து பேரும் நிறுத்தாமல் போனோம். அகதியாக வந்த தாய் தகப்பனின் பிள்ளை நான். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

விடுமுறைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லான்சரோட்டேக்கு நானும் திரும்பப் போவேன், அந்த மலைகளும் காற்றும் அப்படி. ஆனால் போகும் இடத்தில் முதல் நாளே அப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிறகு இன்னும் இரண்டு கேள்விகள். அங்கிருந்து யார் போனார்கள்? இப்போது யார் வருகிறார்கள்?

நீங்கள் போன இடத்தில் என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.