மீட்பு: யார் கொடுத்த விலை?

"நகையை மீட்டாச்சா?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. அடகுக் கடையில் இருக்கும் வளையல் நம்முடையதுதான். ஆனாலும் பணம் கட்டாமல் கைக்கு வராது. கிறிஸ்தவ சமயத்தின் மையக் கருத்தைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் இந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். 'இரட்சிப்பு' என்னும் வடசொல் காப்பதைக் குறிக்கும். 'மீட்பு' என்றாலோ, கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவது. மிகப் பொருத்தமான சொல். ஏனெனில் மூலமொழிகளிலும் இது கொடுக்கல் வாங்கலில் புழங்கிய சொல்தான்.

எபிரேய மொழியில் 'கோஏல்' என்றால் மீட்கும் உறவினன். வறுமையால் நிலத்தை விற்றவனையும், தன்னையே விற்றுக்கொண்டவனையும் நெருங்கிய சொந்தக்காரன் விலை கொடுத்து மீட்கும் முறையை லேவியராகமம் 25ஆம் அதிகாரம் விவரிக்கிறது. ரூத்தின் கதையில் போவாஸ் ஏற்பதும் இந்தப் பொறுப்பையே. கிரேக்கத்தில் 'லூத்ரோன்' என்பது அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கட்டும் தொகை. மாற்கு நற்செய்தியில் இயேசு தம் உயிரைக் கொடுப்பதை இச்சொல்லால்தான் குறிக்கிறார்.

சிலுவையும் அடிமைகளின் வரலாற்றோடு பிணைந்தது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் கலகத்தை அடக்கிய கிராசஸ், கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சுமார் 6,000 பேரைச் சிலுவையில் அறைவித்தான். அப்படிப்பட்ட சாவை அடைந்த ஒருவரை 'மீட்பர்' என்று அறிவித்தது அன்றைய மக்கள் எளிதில் ஏற்கக்கூடிய செய்தி அல்ல.

விலை யாருக்கு?

விலை என்றதும் ஒரு கேள்வி எழுகிறது: அதை வாங்கிக்கொண்டது யார்? நியாயமான கேள்விதானே! மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், மனிதரைப் பிடித்து வைத்திருந்த சாத்தானுக்கே அது போயிற்று என்றார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சுஸ் கிரகோரி இதைக் கடுமையாக மறுத்தார். கொள்ளைக்காரனுக்கு இறைவன் கப்பம் கட்டுவதா? சரி, பிதாவுக்குத்தான் என்றால், பிதாவிடமா நாம் சிறைப்பட்டுக் கிடந்தோம்? இரண்டு பக்கமும் கதவடைத்துவிட்டார் அவர்.

காண்டர்பரி பேராயர் அன்செல்ம், 1098இல் இத்தாலியில் நாடுகடந்து வாழ்ந்தபோது முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்னும் நூலில் வேறு வழி கண்டார். பாவம் என்பது இறைவனின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கு. அதற்கு ஈடுசெய்யும் கடமை மனிதனுக்கு. செய்ய வல்லவரோ இறைவன் ஒருவரே. ஆகவே இருவருமாய் இருப்பவர் வர வேண்டியிருந்தது என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு, சிலுவையில் தெரியும் அன்பு மனிதனிடம் பதிலன்பை மூட்டுவதே மீட்பு என்று விளக்கி, அதற்காகக் கண்டனத்துக்கும் ஆளானார்.

கையால் எழுதிய உரை

அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, வேறு சிலர் இச்சொல்லை நேர்ப்பொருளிலேயே நடத்திக் காட்டினார்கள். கி.பி. 96ஐ ஒட்டி ரோமிலிருந்து கிளமெந்து எழுதிய மடலில், பிறரை விடுவிக்கத் தாங்களே விலங்கை ஏற்றவர்கள் பலர் நம்மிடையே உண்டு என்ற செய்தி வருகிறது. 378இல் நடந்த ஆட்ரியானோப்பிள் போருக்குப் பின், மிலான் ஆயர் அம்புரோஸ் கோயிலின் பூசைப் பாத்திரங்களை உருக்கிக் கைதிகளை மீட்டார். எதிர்ப்பு வந்தபோது, பொன்னைக் காப்பதைவிட மனிதரைக் காப்பதே மேல் என்று வாதிட்டார்.

1198இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற திரித்துவ சபை, தன் வருவாயில் மூன்றில் ஒரு பங்கைக் கைதிகளின் மீட்புக்கென ஒதுக்கியது. 1218இல் பார்சலோனாவில் தோன்றிய மெர்சிடேரியர் சபையினர், தேவைப்பட்டால் கைதிக்குப் பதில் தாமே பிணையாக இருப்பதாகவும் உறுதிமொழி எடுத்தார்கள். அல்ஜியர்சில் ஐந்தாண்டு அடைபட்டுக் கிடந்த ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேசைத் திரித்துவ சபைத் துறவிகள் 1580இல் 500 பொற்காசு கொடுத்து மீட்டார்கள். 'டான் குவிக்சோட்' முதற்பாகம் 1605இல் வந்தது. அந்தத் தொகை இல்லையேல் அந்த நூலும் இல்லை.

மறுபக்கம்

மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "கிறிஸ்து பொறுத்தார், நீயும் பொறு" என்ற போதனை அடிமை முதலாளிகளுக்கு வசதியாக அமைந்தது. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென ஒரு சுருக்க விவிலியம் அச்சானது. இஸ்ரவேலர் அடிமைத்தளை அறுத்து வெளியேறும் யாத்திராகமத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. துன்பம் இருந்தது, விடுதலை நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளசின் விடுதலையை 1846இல் ஆங்கிலேய நண்பர்கள் 150 பவுன் கொடுத்து வாங்கினார்கள். உடனே அடிமை ஒழிப்பு இயக்கத்தவரே சிலர் கேட்டார்கள்: திருடனுக்கு விலை கொடுப்பது அவன் உரிமையை ஒப்புக்கொள்வதாகாதா? கிரகோரி எழுப்பிய அதே கேள்வி! டக்ளசோ, கொடுத்தது கப்பம்தான், அவன் உரிமையை ஏற்றதாகாது என்ற கருத்தில் நின்றார்.

1941 ஜூலை இறுதியில் அவுஷ்விட்ஸ் முகாமில், ஒரு கைதி தப்பியதாகக் கருதி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கயோவ்னிச்செக், மனைவி மக்களை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்ற துறவி முன்வந்து அவரிடத்தை ஏற்று, ஆகஸ்ட் 14 அன்று நஞ்சூசியால் கொல்லப்பட்டார். 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்ட நாளில் கயோவ்னிச்செக் அங்கே இருந்தார், 1995இல்தான் காலமானார்.

இந்த வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. துன்பம் தன்னளவில் புனிதமானது அன்று. அம்புரோஸ் உருக்கியது தம் கோயிலின் பொன்னை. கோல்பே கொடுத்தது தம் உயிரை. 1807ஆம் ஆண்டுப் பதிப்போ அடுத்தவன் முதுகில் சிலுவையை ஏற்றியது. தாமே முன்வந்து, பிறருக்காக, அவருடைய விடுதலைக்காக ஏற்ற துன்பம் என்றால்தான் 'மீட்பு' என்ற சொல் அதற்குப் பொருந்தும். யாராவது நம்மிடம் "பொறுத்துக்கொள்" என்று சொன்னால், இதற்கு விலை கொடுப்பது யார், விடுதலை பெறுவது யார் என்று கேட்கலாம். கிறிஸ்தவ மரபே நெடுங்காலமாகக் கேட்டு வந்த கேள்விதான் அது.