சின்னத் தொட்டிக்கு ஒரே ஒரு ஹீரோ மீன்... எதை வாங்கலாம்?

பெரிய காஞ்சிபுரத்துல கல்யாணப் பட்டு எடுக்கப் போனா, உடல் என்ன கலர், பார்டர் என்ன கலர்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். இரண்டையும் வேற வேற நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைதான் காஞ்சிப் பட்டின் அழகு. மீன் தொட்டியும் அப்படித்தான். பச்சைச் செடி, கறுப்பு மணல், நடுவில் பளிச்சென்று ஒரு மீன் இருந்தால் போதும். கண் நேரா அங்கேதான் போகும்.

ஆனா, கலரை மட்டும் பார்த்து வாங்கிய மீன் பல வீடுகளில் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. அதனால வரிசையை மாத்துங்க. முதலில் தொட்டி, அடுத்து தண்ணீர், கடைசியில்தான் கலர்.

தொட்டி எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் சுமார் 57 லிட்டர். மூன்று பக்கமும் 1 அடி என்றால் 28 லிட்டர்தான். தங்கமீன், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் கடையில் குட்டியாத் தெரியும். வளர்ந்தா இந்தத் தொட்டிகளில் திரும்பக்கூட இடம் இருக்காது. கூட்டமா நீந்தும் மிஸ் கேரளாவுக்கும் பெரிய தொட்டிதான் வேணும்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது?

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மே மாத மதியத்தில் கரன்ட் போனால் ஏர் பம்பும் நின்னுடும். அப்போது மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன்களுக்குத்தான் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஃபைட்டர், கௌராமி இரண்டுக்கும் தலைப்பகுதியில் அதற்கென ஓர் உறுப்பே உண்டு.

ஃபைட்டர்: 20 லிட்டர் இருந்தா நல்லது. தாய்லாந்தின் தேசிய நீர்வாழ் உயிரினம் இதுதான். இரண்டு ஆண்களை ஒண்ணா விடவே கூடாது. கப்பியின் நீண்ட வாலைக்கூட எதிரினு நினைத்துக் கடிக்கும். ஃபில்டர் வேகம் மெதுவா இருக்கட்டும்.

ஹனி கௌராமி: 40 லிட்டருக்கு ஏற்றது. தேன் மஞ்சள் நிறம், சாதுவான குணம்.

டுவார்ஃப் கௌராமி: 57 லிட்டர் தொட்டியின் ஹீரோ. ஆரஞ்சும் நீலமும் கலந்த கோடுகள் ஆணுக்குத்தான். பெண் வெள்ளி நிறம். கங்கை, பிரம்மபுத்திரா பகுதி மீன். ஓர் ஆண் போதும். பண்ணை மீன்களில் வைரஸ் நோய் வருவதுண்டு என்பதால், செத்த மீன் கிடக்கும் தொட்டியிலிருந்து வாங்காதீங்க.

நீல ரேம்: அழகில் குறை இல்லை. ஆனா மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் கேட்கும். உப்பு படியும் போர்வெல் தண்ணீர் வீடுகளில், அதுவும் முதல் மீனாக வேண்டாம்.

சாயம் போகும் மீன்!

கண்ணாடி மீன், விடோ டெட்ரா போன்றவற்றில் ஊசி மூலம் சாயம் ஏற்றி விற்பதுண்டு. அந்த நிறம் சில மாதங்களில் வெளுக்கும், மீனுக்கும் வேதனை. சாயம் போற பட்டை வாங்குவோமா?

வாங்கும் முன்...

தொட்டியை அமைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போடுங்க. அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு அவசியம். மீன் வந்த பிறகு, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாத்தினா போதும்.

வகைகள் நிறைய பார்க்கணும்னா சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. கடையில் உணவு போடச் சொல்லிப் பாருங்க. ஓடி வந்து சாப்பிடுதா, துடுப்பு விரிஞ்சிருக்கா, உடம்பில் புண் இல்லையா? இந்த மூணும் சரியா இருந்தா, நிறம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் தைரியமா வாங்கலாம். பயத்தில் வெளுத்த மீன், வீட்டில் செடி மறைவும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் சில நாள்களில் தன் உண்மையான கலரைக் காட்டும்.